இன்குபேட்டருக்குள் இருக்கும் குழந்தைக்கும் இனம் உண்டா?

(பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் நம் குடும்பங்களும் என்ற தலைப்பில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் சிலர் இரவு ஷிப்டுக்குப் போகும் வழியில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுரிமை, தமிழ்ப்பள்ளி, அடையாள அட்டை, போலீஸ் தடுப்புக்காவல் என்று நாம் எத்தனையோ பேசியிருக்கிறோம். ஒரு கிலோ எடையில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு படுத்திருக்கும் நம் பிள்ளையைப் பற்றிப் பேசியதே இல்லை. அது டாக்டர் சமாச்சாரம், கடவுள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். அது உரிமை சமாச்சாரமும்தான் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். நான் டாக்டர்களைத் திட்ட வரவில்லை. அந்த வார்டில் வேலை செய்யும் தாதியர் கண் விழித்து எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே வேலை செய்பவர்களில் நம்மவர்களும் ஏராளம். சொல்லப் போனால், தோட்டத்திலிருந்தும் மலிவு விலை அடுக்குமாடியிலிருந்தும் வரும் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாத தமிழ் டாக்டர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆக, "எந்த இனத்து டாக்டர்?" என்பதோடு இந்தக் கேள்வி முடிந்துவிடுவதில்லை.

இனவாதம் என்றவுடன் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? யாராவது நம்மை அந்த மூன்றெழுத்துக் கெட்ட வார்த்தையால் கூப்பிடுவது. அப்படிக் கூப்பிட்டால் போலீஸில் புகார் கொடுக்கலாம். ஆனால் யாரும் யாரையும் திட்டாமல், எல்லாரும் மரியாதையாகச் சிரித்துப் பேசிக்கொண்டே, ஒரு இனத்துப் பிள்ளைக்கு மட்டும் சிகிச்சை கொஞ்சம் தாமதமாகவும் கொஞ்சம் குறைவாகவும் கிடைக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

நம் தோலின் நிறத்திலிருந்து தொடங்குகிறேன்.

பிள்ளை பிறந்து ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் ஒரு மதிப்பெண் போடுவார்கள். அப்கார் மதிப்பெண் என்று பெயர். பத்துக்கு எட்டு, ஒன்பது என்று உங்கள் பிள்ளையின் புத்தகத்திலும் எழுதியிருக்கும். வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மருத்துவர் 1952இல் உருவாக்கி, 1953இல் வெளியிட்டது. இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் விறைப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, உடலின் நிறம் என ஐந்து விஷயங்கள். நிறத்துக்கு முழு இரண்டு மதிப்பெண் எப்போது? உடம்பு முழுவதும் "பிங்க்" ஆக இருந்தால்! நான் கேட்கிறேன், நம் வீட்டுப் பிள்ளை எந்தக் காலத்தில் பிங்க்காக இருந்திருக்கிறது? அப்கார் அம்மையார் நல்லவர், எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு அது. ஆனால் அவர் கண்முன் வைத்து எழுதிய பிள்ளையின் தோல் வெள்ளை.

இதை நான் குறும்புக்காகச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் இனமும் சுகாதாரமும் பற்றிக் கண்காணிக்கும் அமைப்பு ஒன்று, 2023இல் இதே விஷயத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. கருப்பின, ஆசியப் பச்சிளங்குழந்தைகளுக்கு அப்கார் மதிப்பெண், நீலம் பாய்தல், மஞ்சள் காமாலை ஆகிய மூன்றையும் வெறும் கண்ணால் நிறம் பார்த்து முடிவு செய்வது நம்பகமானதல்ல என்று அது எச்சரித்தது. "பிங்க்", "நீலம்" போன்ற சொற்களை வழிகாட்டிகளிலிருந்து மாற்ற வேண்டும் என்றும் சொன்னது. ஆசியக் குழந்தைகள் என்று அங்கே சொன்னதில் நம் தோலும் அடங்கும்.

இந்த மூன்றில் நம் நாட்டில் அதிகமான வீடுகளைத் தொடுவது மஞ்சள் காமாலைதான். "குனிங்" என்றால் தெரியாத தாய் இந்த மண்டபத்தில் இருக்க மாட்டார். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகச் சரியாகிவிடும். சில பிள்ளைகளுக்கு மட்டும் இரத்தத்தில் பிலிருபின் அளவு வேகமாக ஏறி, மூளைக்குள் போய்விடும். போனால் திரும்பாது. காது கேட்காமல் போகும், கை கால் இழுத்துக்கொள்ளும், வாழ்நாள் முழுக்கப் பிள்ளையைத் தூக்கிச் சுமக்க வேண்டி வரும். நீல விளக்குக்குக் கீழே சில நாள் வைத்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய ஊனம் அது! நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கருத்த தோலில் மஞ்சள் தெரிவதற்குள் அளவு எங்கேயோ போயிருக்கும். போதாக்குறைக்கு, சில வீடுகளில் பிள்ளைக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுகிறோம். பிறகு தாதி வந்து எதைப் பார்த்துச் சொல்வார்?

பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. முதல் இரண்டு வாரம் மஞ்சள் பூசுவதை நிறுத்துங்கள். கண்ணின் வெள்ளைப் பகுதி, ஈறு, உள்ளங்கை, உள்ளங்கால் இவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். அங்கே "கண்ணுக்கு மஞ்சள் தெரியவில்லையே" என்றால், "என் பிள்ளை கருப்பு, டாக்டர். தயவுசெய்து கருவியாலோ இரத்தத்தாலோ அளந்து பாருங்கள்" என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல வெட்கமே வேண்டாம். நம் நிறத்தைச் சொல்லி நாம் கேட்கும் இடம் இது.

நம் நாட்டைப் பற்றி ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஜி6பிடி என்ற இரத்தக் குறைபாட்டை அரசாங்க மருத்துவமனைகளில் பிறந்தவுடனே தொப்புள்கொடி இரத்தத்தில் சோதித்துப் பார்க்கிறார்கள். பல பணக்கார நாடுகளில்கூட எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்வதில்லை. இந்தக் குறைபாடுள்ள பிள்ளைக்கு மஞ்சள் காமாலை மிகக் கடுமையாக வரலாம். அந்துருண்டை வாசனையே போதும், அதைத் தூண்டிவிட. அலமாரியில் அந்துருண்டை போட்டு மடித்து வைத்த மூத்த பிள்ளையின் துணியை எடுத்து, அப்படியே சின்னதுக்குப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. உங்கள் பிள்ளையின் ஜி6பிடி முடிவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மருத்துவமனையை விட்டு வெளியேறாதீர்கள்.

இன்னொன்று. பிள்ளை பிறந்த முதல் நாட்களில் அரசாங்கக் கிளினிக் தாதி வீட்டுக்கு வந்து பார்ப்பார். நாமோ பிரசவம் முடிந்து தாய் வீட்டுக்குப் போய்விடுகிறோம். விலாசம் ஷா ஆலமில், பிள்ளை இருப்பது சித்தியவானில். தாதி வந்து கதவைத் தட்டிவிட்டுப் போவார். எங்கே தங்கப் போகிறீர்களோ அந்த விலாசத்தை வார்டிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, காலிலோ கையிலோ சிவப்பு விளக்கோடு கட்டி வைத்திருப்பார்களே, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி. அது பொய் சொல்லாது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. கருவி நல்ல எண் காட்டிக்கொண்டிருக்கும்போதே, இரத்தத்தில் உண்மையான ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. இப்படி நடந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கருப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று மடங்கு! குறைமாதப் பிள்ளைகளிடம் 2022இல் வெளியான ஆய்வில் வேறுபாடு சிறியதுதான், ஆனால் அதே பக்கம்தான் சாய்ந்திருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு நிர்வாகம், இந்தக் கருவிகளைப் பல தோல் நிறங்களில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வரைவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதற்காக உங்கள் பிள்ளையின் கருவியைக் கழற்றச் சொல்லிவிடாதீர்கள், அது மிகவும் தேவையான கருவி. பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, எண் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால், இரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஒரு கேள்விதானே!

இதுவரை சொன்னது கண்ணும் கருவியும். எனக்கு இதைவிட அதிகமாக உறுத்துவது வேறொன்று. அதற்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம், ஒரு நாட்காட்டி போதும்.

26 வாரத்தில் பிறந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது பிறந்திருக்க வேண்டிய தேதி வரைக்கும் மருத்துவமனையில் இருக்கும். 40 வாரத்தில் 26 போனால் 14 வாரம். 14 வாரம் என்றால் 98 நாள். நம் வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் தாய்க்கு எத்தனை நாள் பிரசவ விடுப்பு? 98 நாள்! முன்பு 60 நாளாக இருந்ததை உயர்த்தினார்கள், வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். பிள்ளை வீட்டுக்கு வரும் நாளில் தாய் வேலைக்குத் திரும்ப வேண்டும். குறைமாதப் பிள்ளை பெற்றவருக்கென்று வேலைச் சட்டத்தில் தனி நீட்டிப்பு கிடையாது.

சம்பளத்தோடு அந்த விடுப்பு எல்லாருக்கும் கிடைக்கிறதா? பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாள் அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். குத்தகைக்காரர் மாறிக்கொண்டே இருக்கும் துப்புரவு வேலையில் நம் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? குத்தகை மாறும், சட்டை மாறும், துடைக்கும் தரை மட்டும் அதேதான். புது முதலாளி, "நீ என்னிடம் சேர்ந்து ஒரு மாதம்தானே" என்பார். தகப்பனுக்கு 7 நாள் விடுப்பு. அதுவும் ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருந்தால்தான், சட்டப்படி திருமணமானவராக இருந்தால்தான். இந்தச் "சட்டப்படி" என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதியினர் என்னிடம் வந்தார்கள். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அம்மா துப்புரவுத் தொழிலாளி, அப்பா லாரியில் அட்டெண்டன். 27 வாரத்துப் பிள்ளை. மருத்துவமனைக்குப் போக இரண்டு பஸ். மூத்த பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளியில். அந்த அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள், சில வாரங்களில் இரண்டே நாள், தாய்ப்பாலைப் பிழிந்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். பிறகு வேறொரு காரணத்துக்காக மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கியபோது, அதில் ஒரு வரி இருந்தது: "இபு ஜாராங் மெலாவாட்." தாய் அரிதாகவே வந்து பார்க்கிறார்! ஏன் வரவில்லை என்று யாரும் எழுதவில்லை. கேட்டதாகவும் தெரியவில்லை. அந்த ஒரு வரிக்குப் பிறகு பதிவின் தொனியே மாறியிருந்தது. தாய்ப்பால் பற்றிய ஆலோசனை, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு, எதற்குமே அந்த அம்மாவை அழைத்ததாகக் குறிப்பு இல்லை. எழுதிய தாதி இனவாதியா? எனக்குத் தெரியாது, அது எனக்கு முக்கியமும் இல்லை. பஸ் கட்டணம் ஒரு தாயின் அன்பைப் பற்றிய சாட்சியமாக மாறிவிட்டது. அதை மறுத்துச் சொல்ல அந்த அம்மாவுக்கு மலாய் சரளமாக வரவில்லை.

தாய்ப்பால் சும்மா விஷயமல்ல. குறைமாதப் பிள்ளையின் குடல் அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று உண்டு. அதிலிருந்து காப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடில்லை. கலிபோர்னியாவில் 134 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 18,616 குழந்தைகளைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வில் இதைத்தான் பார்த்தார்கள். வீட்டுக்குப் போகும்போது தாய்ப்பால் குடிக்கிறதா என்பது போன்ற பராமரிப்பு அளவுகோல்களில் வெள்ளையர் குழந்தைகள் முன்னால் இருந்தார்கள், கருப்பின, லத்தீன் குழந்தைகள் பின்தங்கினார்கள். 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, அமெரிக்கா முழுவதிலும் 743 மருத்துவமனைகளைப் பார்த்து, கருப்பினக் குழந்தைகள் பெரும்பாலும் தரம் குறைந்த பிரிவுகளில்தான் சேர்கிறார்கள் என்று காட்டியது. ஒரே கட்டடத்துக்குள் பாகுபாடு ஒரு வகை, எந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்கிறோம் என்பது இன்னொரு வகை. தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்ட முடியாமல், அரசாங்க மருத்துவமனையில் படுக்கை காலியாகும் வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"அது அமெரிக்கா, இங்கே அப்படி இல்லை" என்று யாராவது சொல்லலாம். இருக்கலாம். அப்படியானால் எண்ணிக் காட்டட்டும்! அமெரிக்கர்களுக்குத் தங்கள் அழுக்கு தெரிய வந்தது எப்படி? எண்ணினார்கள், இனவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள், வெளியிட்டார்கள். நம் நாட்டிலும் தேசியப் பச்சிளங்குழந்தைப் பதிவேடு 20 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்குகிறது. அதில் தாயின் இனம் பதிவாகிறது. எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளின் விகிதம் இந்தியர்களிடையே அதிகம் என்று இந்நாட்டு மருத்துவ ஆய்வுகள் பல காலமாகச் சொல்லி வருகின்றன. சரி, அப்படிப் பிறந்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு என்ன ஆனது? ஒரே எடை, ஒரே வாரம் உள்ள மலாய், சீன, இந்திய, ஒராங் அஸ்லி பிள்ளைகளில் எத்தனை பேர் தாய்ப்பாலோடு வீட்டுக்குப் போனார்கள்? எத்தனை பேருக்குக் கண் பரிசோதனை நேரத்தில் நடந்தது? இதை ஒவ்வொரு மருத்துவமனை வாரியாகவும், குடும்ப வருமானத்தோடு சேர்த்தும், சாதாரணத் தகப்பன் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதே நாம் சுகாதார அமைச்சின் முன் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை.

எடை குறைவுக்கு "உங்கள் இனமே அப்படித்தான், உங்கள் உடம்புவாகு" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். இரத்தசோகையோடும் நீரிழிவோடும் எட்டு மாதம் வரைக்கும் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்ணின் பிள்ளை எடை குறைந்து பிறப்பதற்கு, அவள் பாட்டனின் இரத்தத்தில் காரணம் தேட வேண்டியதில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது கோரிக்கை விடுப்பு. இங்கிலாந்தில் இதற்கென்றே 2023இல் சட்டம் இயற்றி, 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவில் பிள்ளை இருந்தால், வழக்கமான விடுப்புக்கு மேல் தாய்க்கும் தகப்பனுக்கும் 12 வாரம் வரை கூடுதல் விடுப்பு. நம் வேலைச் சட்டத்திலும் இதைச் சேர்க்க முடியும். இது தமிழனுக்கு மட்டும் என்று கேட்கும் சலுகை அல்ல. கிளந்தானில் ரப்பர் சீவும் மலாய்ப் பெண்ணுக்கும், உணவுக் கடையில் தட்டுக் கழுவும் சீனப் பெண்ணுக்கும் அதே 98 நாள் கணக்குதான். ஆகவே தொழிற்சங்கங்களோடு சேர்ந்து கேட்போம்.

இப்போது அந்தச் "சட்டப்படி" என்ற சொல்லுக்கு வருகிறேன். இங்கேதான் வழக்கறிஞராக எனக்கு வயிறு எரிகிறது.

1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டாலும், பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே இல்லை. நம்மில் எத்தனை பேர், "அப்புறம் பதிவு செய்துகொள்ளலாம்" என்று விட்டிருக்கிறோம்! அதன் விளைவு அந்த வார்டு வாசலில் வந்து நிற்கும். அறுவைப் பிரசவம் முடிந்து தாய் மயக்கத்தில். பிள்ளைக்கு அவசரமாகக் கையெழுத்து வேண்டும். தகப்பன் ஓடி வருகிறார். "திருமணப் பத்திரம் எங்கே?" இல்லை. சட்டப்படி அவர் கையெழுத்தின் மதிப்பே கேள்விக்குள்ளாகும். அது மட்டுமா? திருமணம் பதிவாகாத பெற்றோரின் பிள்ளைக்குக் குடியுரிமை தாயின் வழியாகத்தான். தாயிடம் அடையாள அட்டை எதுவுமே இல்லாமல் இருந்தால், மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் ரப்பர் சீவிய குடும்பத்தின் பிள்ளை, மருத்துவமனைக் கணக்கில் வெளிநாட்டவர். குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி என்றிருந்த காலத்திலேயே வெளிநாட்டவர் கட்டணம் பன்மடங்கு. 2014 கட்டண ஆணைக்குப் பிறகு அது இன்னும் ஏறியது. இரண்டு மாதம் இன்குபேட்டரில் இருந்த பிள்ளைக்கு வரும் பில், குடும்பம் ஓர் ஆண்டில் சம்பாதிப்பதைவிட அதிகமாக இருக்கலாம். பில்லுக்குப் பயந்து பிள்ளையை முன்கூட்டியே வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத்தான் நான் இனத்தின் மேல் விழும் அநீதி என்கிறேன். சட்டப் புத்தகத்தில் எங்கேயும் "தமிழன்" என்று எழுதியிருக்காது. ஆனால் தோட்டத்தில் பத்திரம் இல்லாமல் விடப்பட்டவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

1995இல் மலேசியா குழந்தை உரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சேரும்போது சில விதிகளை ஏற்க மாட்டோம் என்று விலக்கு வைத்துக்கொண்டது. பாகுபாடு கூடாது என்னும் 2ஆவது விதியும், பிறப்புப் பதிவு, பெயர், குடியுரிமை பற்றிய 7ஆவது விதியும் அவற்றில் அடங்கும். இனப்பாகுபாட்டை ஒழிக்கும் அனைத்துலக ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டோம் என்று 2018 நவம்பரில் அரசாங்கம் அறிவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதி சமத்துவம் பேசுகிறது, ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவதுபோல் தனியார் மருத்துவமனையைக் கட்டுப்படுத்தாது. இந்தப் பெரிய சண்டைகள் நடக்கட்டும், நடத்துவோம். அதுவரை உங்கள் கையில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். இன்னும் திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் நாளைக்கே போங்கள். சில கோயில்களிலேயே துணைப் பதிவாளர் இருக்கிறார். தீபகற்ப மலேசியாவில் பிள்ளையின் பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். "பிள்ளை பிழைக்குமா என்று பார்த்துவிட்டுப் பதியலாம்" என்று காத்திருக்காதீர்கள். உயிரோடு பிறந்த பிள்ளை பதிவுக்கு உரிய பிள்ளைதான்.

வார்டுக்குள் உங்களுக்கு உள்ள உரிமையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிகிச்சையில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதை, முடிவெடுக்கத் தேவையான அளவுக்கு மருத்துவர் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தீர்ப்பாகச் சொன்னது, 2017இல் மறுபடியும் உறுதிப்படுத்தியது. புரியாத மொழியில் சொன்னால் அது சொன்னதாகுமா? தரை துடைக்க வந்த அக்காவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்ன கதைகளை நான் கேட்டிருக்கிறேன். அந்த அக்காவுக்கு நன்றி, ஆனால் அது அவர் வேலை அல்ல. "எனக்குப் புரியவில்லை. தமிழ் தெரிந்த டாக்டரோ தாதியோ வந்து விளக்கும்வரை நான் கையெழுத்துப் போட முடியாது" என்று சொல்லலாம். உயிர் போகும் அவசரத்தில் மட்டும் அப்படி நிறுத்தி வைக்காதீர்கள்.

சின்ன விஷயம் போலத் தெரியும் ஒன்று. ஊசிக்கு நரம்பு கிடைக்காமல் பிள்ளையின் தலையில் ஒரு பக்கம் மழித்துவிடுவார்கள். மருத்துவத் தேவை, தவறில்லை. ஆனால் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட முதல் முடி குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டதே என்று அழுத தாயை எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை முன்னால் சொல்லி, அந்த முடியை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தால் போதும். கறுப்புக் கயிறையும் திருநீற்றையும் கிருமிக்குப் பயந்து அகற்றுவது சரியே. அதையும் எரிச்சலோடு பிடுங்காமல், சொல்லிவிட்டுச் செய்யலாம்.

பதிவுகளைக் கேளுங்கள். ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்கி, தினமும் பிள்ளையின் எடை, மஞ்சள் காமாலை அளவு, யார் என்ன சொன்னார், எத்தனை மணிக்கு என்று தமிழிலேயே எழுதி வாருங்கள். நீங்கள் வர முடியாத நாளில் ஏன் வர முடியவில்லை என்பதைத் தாதியிடம் சொல்லி, அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எப்போது கண் பரிசோதனை, எப்போது காது பரிசோதனை என்று கேட்டு அந்த நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். குறைமாதப் பிள்ளையின் கண்ணை உரிய வாரத்தில் பார்க்காவிட்டால் பார்வையே போகலாம். வீடு மாறினாலும் போன் எண் மாறினாலும் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

தனியார் மருத்துவமனை என்றால், நோயாளியின் குறைகளைக் கேட்கும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. உங்கள் தகவல்களைப் பார்க்கும் உரிமையைத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தருகிறது. அந்தத் தரவுச் சட்டம் அரசாங்கத்துக்குப் பொருந்தாது. ஆகவே அரசாங்க மருத்துவமனையில் மருத்துவ அறிக்கைக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள், விண்ணப்பத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசியாக ஒரு கால வரம்பு. அரசாங்க மருத்துவமனை மேல் வழக்குப் போட வேண்டுமென்றால் 36 மாதத்துக்குள் போட வேண்டும். பிள்ளை உட்காரவில்லை, பேசவில்லை என்று சந்தேகம் வந்து, ஊர் ஊராக வைத்தியம் பார்த்து, "கடவுள் விட்ட வழி" என்று இருந்துவிட்டு, பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது என்னிடம் வருகிறார்கள். ஃபைலைத் திறந்து தேதியைப் பார்த்தவுடன் எனக்குப் பேச வார்த்தை வருவதில்லை. வழக்குப் போடுகிறீர்களோ இல்லையோ, சந்தேகம் வந்த அந்த மாதமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

உங்கள் கேள்விகளை இப்போது கேட்கலாம். சபை முன்னால் கேட்கத் தயங்குகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு வாருங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், அப்கார் மதிப்பெண் எழுதிய அந்தச் சுகாதாரப் புத்தகம், இரண்டையும் கையோடு கொண்டு வந்திருந்தால் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.